பட்டம் கேட்காத தொழிலுக்கு ஒரு பட்டப்படிப்பு

1908 செப்டம்பர் 14. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்ற சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கென்று ஒரு தனிப் பள்ளி திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குள் அமைந்த இதழியல் பள்ளிகளில் இதையே முதலாவதாகச் சொல்வார்கள். திறந்த அன்றைக்கே மாணவர்கள் ஒரு செய்தித்தாளையும் கொண்டுவந்துவிட்டார்கள். பெயர் 'யுனிவர்சிட்டி மிசௌரியன்'. வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கிற கையெழுத்து ஏடு அல்ல அது. ஊரில் நடப்பதை ஊராருக்குச் சொல்லும் அசல் நாளேடு. இன்று 'கொலம்பியா மிசௌரியன்' என்ற பெயரில் அது தொடர்ந்து வருகிறது. ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர்கள் பேராசிரியர்கள், நிருபர்கள் மாணவர்கள்.

இந்தப் பள்ளியை உருவாக்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படி ஏறாதவர். சிறுவயதில் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, எழுத்துக் கோத்து, செய்தி எழுதி, ஆசிரியர் நாற்காலி வரை உயர்ந்தவர். தொழிலைத் தொழில் செய்தே கற்றுக்கொண்ட ஒருவர்தான், இதைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பத்திரிகை முதலாளிகளில் பலர் அதை ஏற்கவில்லை. நிருபர் வேலையைப் பாடமாக நடத்த முடியாது, ஓடி அலைந்து அடிபட்டுத்தான் வரும் என்பது அவர்கள் கட்சி. வில்லியம்ஸ் அந்தக் கட்சியையும் தன் திட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார். ஓடி அலையட்டும், அடிபடட்டும், ஆனால் பக்கத்தில் நின்று பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவர் இருக்கட்டும் என்றார். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார்.

நியூயார்க்கில் இந்த யோசனை வேறு வழியில் வந்தது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் 1892-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்திடம், பணம் தருகிறேன், இதழியல் பள்ளி தொடங்குங்கள் என்று கேட்டுப் பார்த்தார். பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அவர் விடவில்லை. 1904-ல் நீண்ட கட்டுரை எழுதி வாதாடினார். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் கல்லூரி வேண்டுமென்றால், மக்களாட்சியின் காதுக்குச் செய்தி கொண்டுபோகிறவருக்கு ஏன் வேண்டாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். சட்டம், வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல் எல்லாம் நிருபருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பத்திரிகையின் வணிகப் பக்கத்தை மட்டும் இந்த வகுப்பறைக்குள் விடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1911-ல் அவர் இறந்தார். அவர் ஒதுக்கிய 20 லட்சம் டாலர் கொடையில் 1912-ல் பள்ளி திறந்தது. 1917 முதல் அவர் பெயரிலான பரிசுகளும் வரத் தொடங்கின.

ஒன்று செய்தியறையிலிருந்து கிளம்பியது, இன்னொன்று நூலகத்திலிருந்து. உலகில் இன்று நடக்கும் இதழியல் படிப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டின் கலவைதான். கலவையில் எது எவ்வளவு என்பதில்தான் ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

இந்தியாவில் இந்தக் கதை தொடங்குவது சென்னை அடையாற்றில். அன்னி பெசன்ட் 1920-ல் அங்கிருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியலைப் பாடமாக வைத்தார். அவரே நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழில் மாணவர்கள் செய்முறைப் பயிற்சி பெற்றார்கள். மிசௌரியில் நடந்ததற்கும் அடையாற்றில் நடந்ததற்கும் அடிப்படை ஒன்றே: பாடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பத்திரிகை இருந்தது. அந்தப் படிப்பு நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1941-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் ஒரு துறையைத் தொடங்கியது. நாடு பிரிந்தபோது அதுவும் இடம்பெயர்ந்து டெல்லிக்கு வந்து, பிறகு சண்டிகரில் நிலைகொண்டது. 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு வந்தது. 1965 ஆகஸ்டில் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தைத் திறந்துவைத்தவர் அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் இந்திரா காந்தி. 2000-ல் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் பெங்களூரிலிருந்து சென்னைக்கு இடம் மாறியது.

தொலைக்காட்சிகள் பெருகிய பிறகு தமிழ்நாட்டில் படம் மாறிவிட்டது. தெருவுக்குத் தெரு தெரிந்த பெயர் இப்போது 'விஸ்காம்'. பிளஸ் டூ முடித்த பிள்ளை 'மீடியா படிக்கப் போகிறேன்' என்று சொன்னால், வீட்டில் முதலில் நினைப்பது இதைத்தான். இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஸ்காம் எனப்படும் விஷுவல் கம்யூனிகேஷனில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, விளம்பரம், வடிவமைப்பு எல்லாம் பெரும்பங்கு வகிக்கும். அதில் சேர்கிறவர்களில் பலருக்கு மனசு சினிமாவில் இருக்கும். அது தவறே இல்லை. ஆனால் தாலுகா அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று எழுத விரும்புகிற பெண்ணுக்கு அந்தப் பாடத்திட்டம் பொருந்துமா என்பதை, விண்ணப்பத்தை நிரப்பும் முன் பார்க்க வேண்டும். பி.ஏ. இதழியல், எம்.ஏ. இதழியல் மற்றும் தொடர்பியல், ஓராண்டு முதுநிலை டிப்ளமோ என்று பாதைகள் பல. பெயரை வைத்து முடிவு செய்யாமல், எத்தனை தாள்கள் செய்தி சேகரிப்புக்கும் எடிட்டிங்குக்கும் ஊடகச் சட்டத்துக்கும் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

அடிப்படைக் கேள்விக்கு வருவோம். இந்தப் பட்டம் இல்லாவிட்டால் நிருபராக முடியாதா? முடியும். மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில், வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் என்று இருப்பதுபோல, இந்தியாவில் பத்திரிகையாளராக இன்ன பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதுவதும் பேசுவதும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தந்திருக்கும் உரிமை. 2013-ல் பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, பத்திரிகையாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்று ஒரு குழு அமைத்தார். பெரிய விவாதம் நடந்தது. சட்டமாக எதுவும் வரவில்லை. வராமல் போனது நல்லது. கிராமத்தில் உட்கார்ந்து தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறவரிடம் சான்றிதழ் கேட்கும் அதிகாரம் யாருக்கும் வாய்க்கக் கூடாது.

பத்திரிகையாளர் பி.சாய்நாத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது வரலாறு. நாட்டின் மிக ஏழை மாவட்டங்களில் தங்கி, அங்குள்ள மக்கள் ஆண்டின் கடினமான மாதங்களில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எழுதினார். அந்த மாவட்டங்களில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. 1996-ல் நூலாக வந்த அந்தச் செய்திக் கட்டுரைகளை இன்று இதழியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். இதழியல் படிக்காத சாய்நாத், பிற்பாடு இதழியல் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் வறுமையையும் விலக்கப்பட்ட மக்களையும் எப்படிச் செய்தியாக்குவது என்பதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது. மாணவர்கள் கிராமங்களுக்கே போய்த் தங்கிச் செய்தி சேகரித்து வருகிறார்கள்.

அப்படியானால் படிப்பு எதற்கு?

முதலில், சட்டத்துக்கு. செய்தியறையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவருக்கு யாரும் உட்காரவைத்துச் சட்டம் சொல்லித்தருவதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்ஸோ சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமல்ல, முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. பெயரைப் போடாமல், 'இன்ன ஊர் இன்ன பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி' என்று எழுதிவிட்டு, விதியைக் காத்துவிட்டதாக நம்பும் செய்திகளை இன்றும் பார்க்கலாம். அந்த ஊரில் அந்தக் குழந்தை யார் என்று தெரியாதவர் இருக்க மாட்டார். ஒரு குழந்தையின் மிச்ச வாழ்க்கை அந்த ஒரு வரியில் கெட்டுப்போகும். இதை வகுப்பறையில் ஒருமுறை உறைக்கும்படி கேட்டவர் டெஸ்க்கில் அந்த வரியைக் கண்டதும் நிறுத்துவார்.

இந்திய ஊடகச் சட்டத்தின் பெரிய தீர்ப்புகளில் பல தமிழ்நாட்டு மண்ணில் முளைத்தவை என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். மும்பையிலிருந்து வந்த 'கிராஸ்ரோட்ஸ்' இதழைச் சென்னை மாகாண அரசு தடை செய்ததால்தான் ரொமேஷ் தாப்பர் வழக்கு பிறந்தது. 1950-ல் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அதன் விளைவுகளில் ஒன்று, மறு ஆண்டே அரசமைப்புச் சட்டத்துக்கு வந்த முதல் திருத்தம். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எல்லாவற்றிலும் அதிகம் பாடமாகப் பேசப்படுவது ஆட்டோ சங்கர் வழக்குதான். மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த சங்கர் தன் வரலாற்றை எழுதினார். காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகள் சிலருக்குத் தன் குற்றங்களோடு இருந்த தொடர்பை அதில் சொல்லியிருப்பதாகப் பேச்சு. நக்கீரன் இதழ் அதை வெளியிட முனைந்தபோது, அதிகாரிகளிடமிருந்து வெளியிடக் கூடாது என்று கடிதம் வந்தது. நக்கீரன் ஆசிரியர் ஆர்.ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அவதூறாக இருக்கலாம் என்ற அச்சத்தில் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது. பொதுப் பதிவேடுகளில் உள்ள செய்தியை, சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், மணவாழ்க்கை, குழந்தைப்பேறு போன்றவற்றுக்குள் நுழைந்தால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், பதிவேட்டில் இருந்தாலும் வெளியே வரக் கூடாது. உரிமை எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை இவ்வளவு தெளிவாகப் போட்ட தீர்ப்புகள் குறைவு. இந்தத் தீர்ப்பைப் படித்த நிருபர், ஒரு அதிகாரி தொலைபேசியில் மிரட்டும்போது எந்த அளவுக்குப் பயப்பட வேண்டும், எந்த அளவுக்கு வேண்டாம் என்று அறிந்திருப்பார்.

படிப்பின் இரண்டாவது பயன், சரிபார்க்கும் பழக்கம். இதன் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டும் நிகழ்வு சிகாகோ நகரத்தில் நடந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி மாணவர்கள், பேராசிரியர் டேவிட் புரோட்டெஸ் வழிகாட்டுதலில், பழைய கொலை வழக்குகளைத் திரும்ப ஆராய்ந்தார்கள். அதில் ஒன்று ஆன்டனி போர்ட்டர் வழக்கு. 1982-ல் ஒரு பூங்காவில் நடந்த இரட்டைக் கொலைக்காக அவருக்கு மரண தண்டனை. 1998-ல், தண்டனைக்கு இரண்டு நாளே இருந்தபோது நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கிடைத்த அவகாசத்தில் மாணவர்கள் பூங்காவுக்கே போய், சாட்சி நின்றதாகச் சொன்ன இடத்திலிருந்து பார்த்தார்கள். அங்கிருந்து அந்தக் காட்சி தெரிய வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சாட்சியும் பின்வாங்கினார். அவர்களோடு பணியாற்றிய தனியார் துப்பறிவாளர் வேறொருவரிடமிருந்து வீடியோவில் ஒப்புதல் வாக்குமூலம் பெற்றார். 1999-ல் போர்ட்டர் வெளியே வந்தார். இல்லினாய் மாநிலமே அதிர்ந்தது. 2000-ல் ஆளுநர் ஜார்ஜ் ரயன் மரண தண்டனைகளை நிறுத்திவைத்தார். 2003-ல் பதவி முடியும் தறுவாயில், மரண தண்டனைக் கைதிகள் எல்லோரின் தண்டனையையும் குறைத்தார். 2011-ல் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லா இதழியல் பள்ளிகளும் வாசலில் எழுதிவைத்திருக்கும். ஆனால் 2014-ல் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், ஒப்புதல் தந்து சிறை சென்றவரின் வழக்கை மறுபடி ஆராய்ந்தார்கள். வாக்குமூலம் பெறப்பட்ட முறை ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லி அவரை விடுவித்தார்கள். பதினைந்து ஆண்டுகளை அவர் சிறையில் கழித்திருந்தார். ஒருவர் குற்றமற்றவர் என்று காட்டும் ஆர்வம், இன்னொருவரைக் குற்றவாளி என்று நிறுவும் அவசரமாக மாறிவிடலாம். நிருபருக்குப் பிடித்த முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் கணத்தில்தான் சரிபார்ப்பு இரட்டிப்பாக வேண்டும். இந்த வழக்கின் இரண்டு பாதிகளையும் சேர்த்து நடத்துகிற வகுப்பே நல்ல வகுப்பு.

சரிபார்க்கும் பழக்கத்துக்கு இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு. 2022-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்த தியோ பேக்கர், மாணவர் நாளிதழான 'ஸ்டான்ஃபோர்ட் டெய்லி'யில் எழுதத் தொடங்கினார். பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெசியே-லவீன் இணைந்து எழுதிய பழைய ஆய்வுக் கட்டுரைகளின் படங்களில் திருத்தம் நடந்ததாக அறிவியலாளர்கள் இணையத்தில் எழுப்பியிருந்த ஐயங்களை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். நிபுணர்களிடம் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. தலைவரே தரவில் மோசடி செய்ததாகக் குழு கூறவில்லை. பிழைகள் தெரியவந்தபோது உறுதியாகத் திருத்தவில்லை என்றது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். பேக்கருக்கு ஜார்ஜ் போக் விருது கிடைத்தது. அவர் பெற்றோர் இருவருமே பெயர்பெற்ற பத்திரிகையாளர்கள், அந்த வளர்ப்பு உதவியிருக்கும். ஆனாலும் அதைவிட முக்கியமானது, அந்த நாளிதழ் 1973 முதல் பல்கலைக்கழக நிர்வாகத்தின் கையில் இல்லை என்பது. முதல்வர் கையெழுத்திட்டால்தான் அச்சுக்குப் போகும் கல்லூரி மலரில் இப்படி ஒரு செய்தி எந்தக் காலத்திலும் வராது.

மாணவர்களுக்குச் சுதந்திரமான இதழ் இல்லாத குறையைத் தமிழில் ஓரளவு ஈடுகட்டியது ஒரு பத்திரிகை நிறுவனம். 1980-களில் தொடங்கிய விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம், கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, அவர்கள் ஊர்களிலிருந்தே எழுதவைத்தது. வேளாண்மை, பொறியியல், தமிழ் இலக்கியம் என்று எதைப் படித்தவரும் வரலாம். எழுதிய கட்டுரை அடுத்த வாரம் ஊரில் உள்ள பெட்டிக்கடையில் தொங்கும். தவறிருந்தால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கேட்பார். இன்றைய தமிழ் ஊடகங்களிலும் சினிமாவிலும் இந்த வாசல் வழியாக வந்தவர்கள் நிறைய.

பல்கலைக்கழகங்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. குறிப்பாக மொழியில். மத்திய அரசின் மக்கள் தொடர்பியல் நிறுவனம் கோட்டயத்தில் மலையாள இதழியலும், அமராவதியில் மராத்தி இதழியலும், தேன்கனாலில் ஒடியா இதழியலும் நடத்துகிறது. டெல்லியில் இந்தியும் உருதுவும் உண்டு. தமிழ் அந்த வரிசையில் இல்லை. இங்கே புகழ்பெற்ற படிப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால் வேலை கிடைப்பதோ பெரும்பாலும் தமிழில். தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் உட்காரும் உதவி ஆசிரியர் முதல் நாளிலிருந்தே பி.டி.ஐ. செய்தி நிறுவனம் அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்க வேண்டியிருக்கும். நீதிமன்றத் தீர்ப்பைப் படித்து, பேருந்தில் போகிறவருக்குப் புரிகிற நாலு வரியில் தர வேண்டியிருக்கும். பட்ஜெட் நாளில் 'நிதிப் பற்றாக்குறை'க்கும் 'வருவாய்ப் பற்றாக்குறை'க்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து நிமிடத்தில் எழுத வேண்டும். இந்தத் திறமையைத் தனியாக உட்கார்ந்து பழக்குவதற்கு வகுப்பு நேரம் ஒதுக்கும் துறைகள் பெருக வேண்டும். கணினி மொழிபெயர்ப்பு செய்தியறைக்குள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்தத் தேவை கூடியிருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் பொருள் மாறிவிட்டது என்று பிடிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால், தவறு நேராக வாசகர் கைக்குப் போய்விடும்.

இந்தத் தொழிலில் தொடக்கச் சம்பளம் குறைவு, வேலை நேரம் நீளம், தீபாவளியும் பொங்கலும் பல நேரம் அலுவலகத்தில்தான். மாவட்டங்களில் பகுதிநேர நிருபர்களாக இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். பெருங்கட்டணம் வாங்கும் படிப்பில் கடன் வாங்கிச் சேரும் முன் குடும்பம் இதை உட்கார்ந்து பேசுவது அவசியம். இளநிலையில் பொருளாதாரமோ சட்டமோ புள்ளியியலோ அறிவியலோ படித்துவிட்டு, பிறகு ஓராண்டு இதழியல் படிப்பது பலருக்கு நல்ல வழி. ஒரு துறையை ஆழமாக அறிந்த நிருபருக்கு இடம் எப்போதும் இருக்கிறது. கடலையும் மீன்பிடித் தொழிலையும் அறிந்தவர், மின்வாரியக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர், நோயியல் ஆய்வுகளைப் புரிந்துகொள்பவர் ஆகியோரைத் தேடித்தான் ஆசிரியர்கள் தவிக்கிறார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஸ்டுடியோ விளக்குகளையும் பார்த்து மயங்கிவிடாமல், போன மாதம் மாணவர்கள் கொண்டுவந்த இதழைக் காட்டச் சொல்லலாம். அதில் வளாகத்துக்கு வெளியே நடந்த செய்தி எத்தனை, விழாப் படங்கள் எத்தனை என்று பார்க்கலாம். பாடம் நடத்துகிறவர்களில் செய்தியறையில் வேலை பார்த்தவர் யார், மாணவர் எழுதியதை வரிக்கு வரி திருத்தித் தருகிறாரா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் தனியே கேட்கலாம். இன்டர்ன்ஷிப்பில் தன் பெயரோடு செய்தி (பைலைன்) வந்ததா, வெறும் தேநீர் வாங்கித்தரும் வேலைதானா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மத்திய அரசு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட பத்து ரூபாய் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு அலுவலகங்களுக்கும் இதே சட்டம்தான். ஊர் ஏரி தூர்வாரச் செலவான தொகை எவ்வளவு, நூலகத்துக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் வாங்கிய புத்தகங்கள் எவை என்று ஒரு மாணவர் கேட்கலாம். வரும் பதிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் நூலகத்துக்கும் நேரில் போய், தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதிகாரியிடமும் விளக்கம் கேட்டு ஐந்நூறு சொற்களில் எழுதினால், நேர்முகத் தேர்வுக்குக் கையில் கொண்டுபோக ஒரு செய்தி தயார்.